நார்மன் மெக்லாரன்: ஒரு மாணவர் அசைவைக் கற்ற வரலாறு

எழுத்து, கோடு, வட்டம், வரைபடம், சின்னம் போன்ற வரைகலை உறுப்புகளை நேரத்தோடு அசையச் செய்து ஒரு கருத்தை உணர்த்தும் கலை இயங்கு வரைகலை எனப்படுகிறது. மோஷன் கிராபிக்ஸ் என்ற பெயரில் பலரும் அறிந்த கலை இதுவே. திரைப்படத் தலைப்புக் காட்சிகள், செய்தித் தொலைக்காட்சிகளின் புள்ளிவிவரப் படங்கள், பாடங்களை விளக்கும் காணொளிகள் ஆகியவற்றில் இதனை நாள்தோறும் காண்கிறோம்.

இக்கலையைக் கற்கும் மாணவர் இன்று ஒரு கணினி மென்பொருளிலிருந்து தொடங்குகிறார். கணினி வருவதற்கு முன்பே, கேமராகூட இல்லாமல் இதனைக் கற்ற மாணவர் ஒருவர் இருந்தார். ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் புகழ்பெற்ற நார்மன் மெக்லாரன் (1914–1987) அவர். அவர் கற்ற முறையையும், கற்றதைப் பிறருக்குக் கற்பித்த முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கலைப்பள்ளி மாணவர்

மெக்லாரன் 1914 ஏப்ரல் 11 அன்று ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் நகரில் பிறந்தார். 1932இல் கிளாஸ்கோ கலைப்பள்ளியில் சேர்ந்து உள்ளரங்க வடிவமைப்புப் படித்தார். அங்கே அசைவூட்டம் ஒரு பாடமாக இருக்கவில்லை. மாணவர்கள் தாங்களாகவே நடத்திய திரைப்படக் கழகத்தின் வழியாகவே அவருக்குத் திரைப்படம் அறிமுகமாயிற்று. ஐசென்ஸ்டைன், புடோவ்கின் முதலிய சோவியத் இயக்குநர்களின் படங்களை அக்காலத்தில் பார்த்தார். காட்சிகளை வெட்டி அடுக்குவதால் புதிய பொருள் பிறக்கும் என்பதை அப்படங்கள் அவருக்குக் காட்டின.

ஜெர்மானியக் கலைஞர் ஆஸ்கர் ஃபிஷிங்கரின் குறும்படம் ஒன்று அவரை இன்னும் ஆழமாகப் பாதித்தது. பிராம்ஸின் ஹங்கேரிய நடன இசைக்கு ஏற்ப வெண்மையான வடிவங்கள் கருந்திரையில் வளைந்தும் பாய்ந்தும் செல்லும் படம் அது. அதில் கதையும் இல்லை, மாந்தரும் இல்லை. இசையைக் கேட்கும்போது தம் மனத்தில் தோன்றும் வடிவங்களைத் திரையிலும் காட்ட முடியும் என்று மெக்லாரன் அப்போது உணர்ந்தார். எதைச் செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. செய்வதற்கான கருவி மட்டும் கையில் இல்லை.

கேமரா இல்லாத முதல் படம்

1933ஆம் ஆண்டளவில் மெக்லாரனும் அவருடைய சக மாணவர் ஸ்டூவர்ட் மெக்அலிஸ்டரும் ஒரு வழி கண்டனர். ஓடித் தேய்ந்துபோன 35 மி.மீ. திரைப்படச் சுருள் ஒன்றைப் பெற்று, நீரில் ஊறவைத்து, அதன் மேலிருந்த பூச்சை நீக்கினர். எஞ்சிய தெளிவான படச்சுருளில் வண்ண மைகளைக் கொண்டு நேரடியாக வரைந்தனர். அதனைப் புரொஜெக்டரில் ஓட்டியபோது வண்ணங்கள் திரையில் துள்ளின. மெக்லாரனின் முதல் அசைவூட்டம் இதுவே. திரும்பத் திரும்ப ஓட்டியதில் அப்படம் தேய்ந்து அழிந்துவிட்டது.

இம்முயற்சியின் கடினத்தை அறியச் சில எண்களை நோக்க வேண்டும். ஒலியுள்ள திரைப்படம் வினாடிக்கு 24 சட்டகங்கள் என்ற வேகத்தில் ஓடும். ஒரு நிமிடத்துக்கு 1,440 சட்டகங்கள் தேவை. இது ஏறத்தாழ 27 மீட்டர் நீளமுள்ள படச்சுருள். 35 மி.மீ. சுருளில் ஒரு சட்டகம் சுமார் 22 மி.மீ. அகலமும் 16 மி.மீ. உயரமுமே உடையது, சாதாரணத் தபால்தலையைவிடச் சிறியது. அதிலுள்ள படம் 4.4 மீட்டர் அகலத் திரையில் விழும்போது 200 மடங்கு பெரிதாகிறது. வரைபவரின் கை அரை மில்லிமீட்டர் விலகினால், திரையில் அவ்வடிவம் 10 செ.மீ. விலகி நடுங்கும்.

ஒரு வடிவத்தை அடுத்தடுத்த சட்டகங்களில் ஒரே இடத்தில் வைப்பதே பெரும்பாடு என்று மாணவர் இதனால் தெரிந்துகொண்டார். ஒரு சட்டகத்துக்கும் அடுத்த சட்டகத்துக்கும் இடையே எவ்வளவு மாற்றம் நிகழ்கிறதோ, அதுவே பார்ப்பவருக்கு அசைவாகத் தெரிகிறது என்பதையும் கண்டார். தனித்தனிப் படங்களின் அழகைவிட அவற்றுக்கு இடையேயுள்ள வேறுபாடே அசைவூட்டத்தின் அடிப்படை என்பது பின்னாளில் அவருடைய கொள்கையாயிற்று. கேமரா இருந்திருந்தால் இவ்வுண்மையை இவ்வளவு விரைவில் அவர் தொட்டிருக்க மாட்டார்.

அவருடன் பணியாற்றிய மெக்அலிஸ்டர் பிற்காலத்தில் சிறந்த படத்தொகுப்பாளரானார். இரண்டாம் உலகப் போர்க்கால ஆவணப்படமான 'லிசன் டு பிரிட்டன்' (1942) படத்தில் ஹம்ப்ரி ஜென்னிங்ஸுடன் அவர் பெயரும் இடம்பெற்றுள்ளது.

கேமரா கிடைத்த பின்பு

அடுத்து மெக்லாரனுக்குக் கேமரா கிடைத்தது. கலைப்பள்ளியின் ஒரு நாள் வாழ்க்கையைக் காட்டும் 'செவன் டில் ஃபைவ்' என்னும் ஒலியில்லாப் படத்தை எடுத்தார். 1935இல் பள்ளியின் கொண்டாட்ட நடனத்தைப் பொருளாகக் கொண்டு 'கேமரா மேக்ஸ் ஹூப்பி' படத்தைச் செய்தார். காட்சி மேல் காட்சி பதித்தல், பொருள்களைச் சட்டகம் சட்டகமாக நகர்த்தல், வேகத்தைக் கூட்டல் குறைத்தல் எனக் கேமராவால் இயன்ற உத்திகள் பலவற்றை அதில் கையாண்டார். அதே ஆண்டில் 'கலர் காக்டெயில்' என்னும் வண்ணப்படத்தையும் செய்தார்.

இவை ஒரு மாணவரின் பயிற்சிப் படங்கள். புதிய கருவி கிடைத்தவுடன் அதன் எல்லா வித்தைகளையும் ஒரே படத்தில் காட்டிவிட வேண்டும் என்ற ஆர்வம் அவற்றில் தெரிகிறது. இன்று புதிதாக மென்பொருள் கற்பவர் அதிலுள்ள விளைவுகள் அனைத்தையும் தம் முதல் காணொளியில் சேர்ப்பதும் இத்தகையதே.

ஸ்காட்டிய அமெச்சூர் திரைப்பட விழாவில் இப்படங்களைப் பார்த்த நடுவர்களில் ஜான் கிரியர்சன் ஒருவர். பிரிட்டிஷ் ஆவணப்பட இயக்கத்தின் முன்னோடியான அவர், லண்டனிலிருந்த பிரிட்டிஷ் அஞ்சல் துறைத் திரைப்படப் பிரிவில் பணியாற்ற மெக்லாரனை அழைத்தார்.

எதற்காக அசைக்க வேண்டும்?

லண்டன் செல்லும் முன் 1936இல் மெக்லாரன், சிற்பக் கலைஞர் ஹெலன் பிகருடன் சேர்ந்து 'ஹெல் அன்லிமிடெட்' என்ற போர் எதிர்ப்புப் படத்தை உருவாக்கினார். முதல் உலகப் போர் முடிந்து இருபது ஆண்டுகள்கூட ஆகாத நிலையில் ஐரோப்பிய நாடுகள் மீண்டும் ஆயுதங்களைக் குவித்துக்கொண்டிருந்தன. அந்த ஆயுதச் செலவையும் அதனால் இலாபம் அடைவோரையும் பொதுமக்களுக்குக் காட்டுவது படத்தின் நோக்கம். பொம்மைகள், நிலப்படங்கள், அசையும் வரைபடங்கள், எழுத்துகள், நடிகர்கள் ஆகிய அனைத்தும் அதில் கலந்துவந்தன. போரைத் தடுக்கச் செயலில் இறங்குமாறு பார்வையாளரை அது நேரடியாக அழைத்தது.

இயங்கு வரைகலையின் வரலாற்றில் இப்படம் கவனத்துக்குரியது. காகிதத்தில் உள்ள எண்களைப் படிக்காத ஒருவர், அவ்வெண்கள் திரையில் வளர்வதைக் கண்டால் அவற்றின் பொருளை உணர்வார் என்ற நம்பிக்கையில் அது எடுக்கப்பட்டது. முந்தைய படங்களில் உத்திக்காகவே உத்திகளைக் கையாண்ட மாணவர், இங்கே சொல்ல வேண்டிய செய்திக்காக அவற்றைக் கையாண்டார்.

அதே ஆண்டின் இறுதியில் ஐவர் மாண்டேகு எடுத்த 'டிஃபென்ஸ் ஆஃப் மாட்ரிட்' என்ற ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவாளராக ஸ்பெயின் சென்றார். உள்நாட்டுப் போரில் குண்டுவீச்சுக்கு உள்ளான நகரையும் மாண்டவர்களையும் நேரில் கண்டார். வரைபடங்களால் எச்சரித்த போரை 22 வயதில் கண்ணெதிரே கண்ட அந்த அனுபவம் அவரை வாழ்நாள் முழுவதும் விட்டு நீங்கவில்லை.

அஞ்சல் துறையில் பெற்ற பயிற்சி

அஞ்சல் துறைத் திரைப்படப் பிரிவில் மெக்லாரன் முறையான பயிற்சி பெற்றார். லண்டன் தொலைபேசி விவரப் புத்தகம் அச்சாகும் விதத்தைக் காட்டும் 'புக் பார்கெய்ன்' (1937) போன்ற ஆவணப்படங்களை எடுத்தார். மனம்போன போக்கில் படம் எடுத்தவருக்கு, ஒரு செய்முறையை ஒழுங்காக விளக்கும் கட்டுப்பாடு அங்கே கைவந்தது.

நியூசிலாந்துக் கலைஞர் லென் லை, படச்சுருளில் நேரடியாக வரைந்து உருவாக்கிய 'எ கலர் பாக்ஸ்' (1935) என்ற விளம்பரப் படம் இப்பிரிவிலிருந்தே வெளிவந்தது. தாம் மாணவராக முயன்ற முறை பொதுமக்கள் பார்க்கும் படமாகவும் ஆகக்கூடும் என்பதற்கு அது சான்றாக நின்றது. 1938இல் மெக்லாரன் வான்வழி அஞ்சலை விளம்பரப்படுத்தும் 'லவ் ஆன் தி விங்' படத்தைப் படச்சுருளில் பேனாவால் வரைந்து செய்தார். கடிதம் மனிதனாகவும், மனிதன் பறவையாகவும், பறவை வேறொன்றாகவும் கணத்துக்குக் கணம் உருமாறும் படம் அது. அதன் உருவகங்கள் காதல் உணர்ச்சியை மிகையாகக் காட்டுகின்றன எனக் கருதிய அஞ்சல் துறை அமைச்சர் அதனை வெளியிட ஒப்பவில்லை.

ஒலியையும் வரைதல்

1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்ட நிலையில் மெக்லாரன் நியூயார்க் சென்றார். அங்கே இசையமைப்பாளரை அமர்த்தவோ ஒலிப்பதிவு செய்யவோ அவரிடம் பணம் இல்லை. முன்பு கேமரா இல்லாதபோது செய்ததையே மீண்டும் செய்தார். திரைப்படச் சுருளின் ஓரத்தில் ஒலிக்கென ஒரு குறுகிய பட்டை உண்டு. அதில் உள்ள ஒளி-நிழல் கோலத்தைப் புரொஜெக்டர் ஒலியாக மாற்றும். அப்பட்டையிலும் அவர் பேனாவால் கோடுகள் இட்டார். நெருக்கமான கோடுகள் உயர்ந்த சுருதியையும் அகன்ற இடைவெளிகள் தாழ்ந்த சுருதியையும் தந்தன. 1940இல் செய்த 'டாட்ஸ்', 'லூப்ஸ்' ஆகிய குறும்படங்களில் படம், ஒலி இரண்டும் கையால் வரையப்பட்டவை.

அங்கே அவருக்குப் பொருளுதவி கிடைத்த வழியும் குறிப்பிடத்தக்கது. பின்னாளில் குகன்ஹைம் அருங்காட்சியகமாக வளர்ந்த நிறுவனத்தின் இயக்குநர் ஹில்லா ரீபே, அவருடைய உருவமற்ற படங்களை விலைக்கு வாங்கினார்.

மாணவர் ஆசிரியரானார்

கிரியர்சன் கனடா சென்று 1939இல் தேசியத் திரைப்பட வாரியத்தின் முதல் ஆணையரானார். அவர் அழைப்பின்பேரில் 1941இல் மெக்லாரன் ஒட்டாவா வந்து சேர்ந்தார். விரைவில் அசைவூட்டப் பிரிவு ஒன்றை உருவாக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அதற்கு அவர் பெரிய ஸ்டூடியோக்களில் பயின்றவர்களைத் தேடவில்லை. கலைப்பள்ளிகளுக்குச் சென்று இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார். ஜார்ஜ் டன்னிங், கிராண்ட் மன்ரோ, ரெனே ஜோடாய்ன், ஈவ்லின் லாம்பர்ட் முதலியோர் இவ்வாறு தொடக்கக் காலத்தில் சேர்ந்தவர்கள். இவர்களுள் டன்னிங் பிற்காலத்தில் பீட்டில்ஸ் இசைக்குழுவின் 'யெல்லோ சப்மரைன்' (1968) படத்தை இயக்கினார்.

ஒவ்வொருவரும் தமக்கான முறையைத் தாமே கண்டறிய வேண்டும் என்பது அவர் கற்பித்த முறை. தமது வேலைக்காகவும் அவர் புதிய கருவிகளைச் செய்துகொண்டே இருந்தார். படச்சுருளைப் பல்சக்கரத்தால் இறுகப் பிடித்து, முந்தைய சட்டகத்தின் படத்தை அடுத்த சட்டகத்தின் மேல் ஒளியால் பிரதிபலிக்கச் செய்யும் மேசை ஒன்றை அமைத்தார். முன்பு வரைந்ததைப் பார்த்துக்கொண்டே அடுத்ததை வரைய இது உதவியது. கிளாஸ்கோவில் அவரை வருத்திய நடுக்கம் இவ்வாறு கட்டுக்குள் வந்தது. இன்றைய மென்பொருள்களில் முந்தைய சட்டகத்தை மங்கலாகக் காட்டும் வசதியும் இதே பயனுக்கானது.

1949இல் லாம்பர்ட்டுடன் இணைந்து உருவாக்கிய 'பிகான் டல் கேர்' படத்தில் இந்த ஒழுங்கையே அவர் உதறினார். ஆஸ்கர் பீட்டர்சனின் ஜாஸ் இசைக்காகச் சட்டகப் பிரிவுகளைப் பொருட்படுத்தாமல் நீண்ட சுருள் முழுவதையும் ஒரே ஓவியப் பரப்பாக எண்ணி வண்ணம் தீட்டினர், கீறினர். 1955இல் வந்த 'பிளிங்கிட்டி பிளாங்க்' படத்தில் கரிய சுருளைக் கீறி வரைந்து, பல சட்டகங்களை வெறுமையாகவே விட்டார். இடையிடையே மின்னி மறையும் படங்களைப் பார்ப்பவரின் கண் தானே இணைத்துக்கொள்கிறது. கான் திரைப்பட விழாவில் இப்படம் குறும்படத்துக்கான தங்கப்பனை விருதைப் பெற்றது.

சீனாவும் இந்தியாவும்

1949இல் யுனெஸ்கோ அமைப்பு மெக்லாரனைச் சீனாவுக்கு அனுப்பியது. சிச்சுவான் பகுதியிலுள்ள பெய்பெய் என்னும் ஊரில் 'நலமான கிராமம்' என்ற திட்டத்தில் உள்ளூர்க் கலைஞர்களுக்கு அவர் பயிற்சி அளித்தார். கிராம மக்களுக்குச் சுகாதாரச் செய்திகளைச் சுவரொட்டி, படச்சுருள் முதலியவற்றால் உணர்த்துவது அதன் நோக்கம். விலையுயர்ந்த கருவிகள் அங்கே கிடைக்கவில்லை. கிளாஸ்கோ மாணவர் கண்ட கேமரா இல்லா அசைவூட்டம் அங்கே மிகவும் பொருத்தமாக அமைந்தது. அவர் அங்கிருந்தபோதே கம்யூனிஸ்டுப் படைகள் அப்பகுதியைக் கைப்பற்றின.

1950களின் தொடக்கத்தில் இதே வகையான யுனெஸ்கோ பணிக்காக இந்தியாவுக்கும் வந்தார். இந்தியத் தொடர்பு வேறு வகையிலும் நீடித்தது. ஒரு மனிதனுக்கும், அமர இடம் தராத நாற்காலிக்கும் இடையிலான பூசலைச் சொல்லும் 'எ சேரி டேல்' (1957) படத்தின் இசையில் சிதார் மேதை ரவிசங்கரும் தபேலாக் கலைஞர் சதுர்லாலும் பங்கேற்றனர். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பயின்ற இஷு படேல், பின்னர் கனடா தேசியத் திரைப்பட வாரியத்தில் சேர்ந்து, மணிகளை நகர்த்தி உருவாக்கிய 'பீட் கேம்' (1977) படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றார்.

அண்டை வீட்டார்

சீனாவிலிருந்து திரும்பிய சில காலத்திலேயே கொரியப் போர் மூண்டது. 1952இல் மெக்லாரன் 'நெய்பர்ஸ்' படத்தை உருவாக்கினார். இரு அண்டை வீட்டார் தங்கள் எல்லையில் பூத்த ஒரு பூவுக்காகச் சண்டையிட்டு, இறுதியில் ஒருவரையொருவர் கொன்று மடிகின்றனர். எட்டு நிமிடமே ஓடும் இப்படத்தில் உயிருள்ள மனிதர்களையே பொம்மைகளைப் போலச் சட்டகம் சட்டகமாக நகர்த்திப் படம்பிடித்தார். இம்முறை பிக்ஸிலேஷன் எனப்படுகிறது. படத்தின் முடிவில் அயலாரை நேசிக்குமாறு பல மொழிகளில் எழுத்துகள் தோன்றுகின்றன.

குறும் ஆவணப்படப் பிரிவில் இதற்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. 2009இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டிலும் இது இடம்பெற்றது. மாணவராக 'ஹெல் அன்லிமிடெட்' படத்தில் வரைபடங்களால் சொன்ன செய்தியை, ஸ்பெயினையும் சீனாவையும் கண்ட பின்னர் ஒரு பூவையும் இரண்டு மனிதரையும் கொண்டு அவர் சொல்லி முடித்தார்.

அசைவின் ஐந்து வகைகள்

1976 முதல் 1978 வரை மெக்லாரன் தம் பழைய மாணவர் கிராண்ட் மன்ரோவுடன் சேர்ந்து 'அனிமேட்டட் மோஷன்' என்ற ஐந்து பகுதிப் பாடப்படத்தை உருவாக்கினார். அசைவைச் சீரான அசைவு, முடுகும் அசைவு, தளரும் அசைவு, அசைவின்மை, ஒழுங்கற்ற அசைவு என ஐந்தாகப் பகுத்தார். இப்பாடத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சாதாரண வட்டத் தகடு.

இதனை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு வட்டம் 10 சட்டகங்களில் 45 மி.மீ. தொலைவைக் கடக்க வேண்டும் எனக் கொள்வோம். பத்துச் சட்டகங்களுக்கு இடையே ஒன்பது இடைவெளிகள் உள்ளன.

சீரான அசைவில் ஒவ்வொரு இடைவெளியிலும் வட்டம் 5 மி.மீ. நகரும். இது இயந்திரத்தின் அசைவுபோல் தோன்றும்.

முடுகும் அசைவில் 1, 2, 3 எனத் தொடங்கி 9 மி.மீ. வரை இடைவெளி வளரும். கூட்டினால் இதுவும் 45 மி.மீ. தான். மேலிருந்து விழும் கல்லைப் போலத் தோன்றும்.

தளரும் அசைவில் 9, 8, 7 எனத் தொடங்கி 1 மி.மீ. வரை குறையும். தரையில் உருண்டு மெல்ல நிற்கும் பந்தைப் போலத் தோன்றும்.

மூன்றிலும் வட்டம் ஒன்றே, தொலைவு ஒன்றே, நேரமும் ஒன்றே. இடைவெளிகளின் பங்கீடு மட்டுமே வேறு. ஆயினும் பார்ப்பவர் ஒன்றில் இயந்திரத்தையும், ஒன்றில் எடையையும், ஒன்றில் களைப்பையும் காண்கிறார். மாணவப் பருவத்தில் மை தோய்ந்த விரல்களால் அறிந்ததை நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அவர் இவ்வாறு அளவிட்டுப் பாடமாக்கினார்.

கணினிக் காலம்

1960இல் அமெரிக்கக் கலைஞர் ஜான் விட்னி 'மோஷன் கிராபிக்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு நிறுவனம் தொடங்கினார். போர்க்கால விமான எதிர்ப்புப் பீரங்கிகளின் குறிபார்க்கும் கணிப்பொறியைத் திருத்தி அசையும் வடிவங்களை உருவாக்கியவர் அவர். திரைப்படத் தலைப்புகளில் சால் பாஸ் செய்த புதுமைகளும் இக்கலையை மக்களிடம் கொண்டுசேர்த்தன.

ஒட்டாவாவில் கனடா தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வெய்ன் ஆகியோர் 1970ஆம் ஆண்டையொட்டிக் கணினி வழி முதன்மைச் சட்டக முறையை உருவாக்கினர். கலைஞர் தொடக்க நிலையையும் இறுதி நிலையையும் வரைந்தால் இடைப்பட்ட படங்களைக் கணினி கணக்கிட்டு வரையும். இம்முறையில் பீட்டர் ஃபோல்டெஸ் இயக்கிய 'ஹங்கர்' (1974) தேசியத் திரைப்பட வாரியத்தின் வெளியீடு. அதனைத் தயாரித்தவர் மெக்லாரனிடம் பயின்ற ரெனே ஜோடாய்ன். பர்ட்னிக், வெய்ன் இருவரும் இக்கண்டுபிடிப்புக்காக 1997இல் தொழில்நுட்பத்துக்கான ஆஸ்கர் விருது பெற்றனர். 1993இல் ஆப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருள் வெளிவந்த பிறகு இம்முறை மேசைக் கணினிகளுக்கும் பரவியது.

இன்றைய மாணவர் இரண்டு முதன்மைச் சட்டகங்களை வைத்து ஒரு வளைகோட்டைச் சரிசெய்கிறார். அவ்வளைகோடு 1, 2, 3 என்றும் 9, 8, 7 என்றும் மேலே கண்ட இடைவெளிகளின் வரைபடமே. கணினி இடைப்படங்களை வரைந்து தரும். இடைவெளி எப்படி வளர வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எதற்காக அசைய வேண்டும் என்ற முடிவுகள் மாணவரிடமே இருக்கின்றன.

முடிவுரை

நார்மன் மெக்லாரன் 1987 ஜனவரி 27 அன்று கனடாவின் கியூபெக் மாநிலத்தில் காலமானார். அவர் கற்ற வரிசையை நோக்கினால் அசைவூட்டக் கல்வியின் படிகள் தெளிவாகின்றன. முதலில் கையில் கிடைத்த பொருளைக் கொண்டு அசைவின் இயல்பை அறிந்தார். பின்னர்க் கருவிகளின் உத்திகளைப் பயின்றார். அதன்பின் சொல்ல வேண்டிய செய்தியைக் கண்டார். இறுதியில் தாம் அறிந்ததைப் பிறர் கற்கும் வடிவில் எழுதியும் படமாக்கியும் வைத்தார்.

நல்ல கணினி இல்லாத மாணவருக்கும் முதல் படி திறந்தே இருக்கிறது. ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒன்றாகப் பத்து வட்டங்களை முதலில் சம இடைவெளியிலும், மற்றொரு புத்தகத்தில் வளரும் இடைவெளியிலும் வரைந்து, இரண்டையும் விரலால் விரைவாகப் புரட்டிப் பார்க்கலாம். மெக்லாரன் கற்ற முதல் பாடம் அதில் கிடைக்கும்.